ஒரு விரற்கடை காற்று: என் ஏர் குஷனைப் பற்றி

சக்கர நாற்காலிக்கான இந்த ஏர் குஷனில் 3 ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். கழுத்துத் தண்டுவடத்தில் சி6 என்கிற ஆறாவது மட்டத்தில் காயம், 11 ஆண்டுகள் ஆகின்றன. தோள், முழங்கை மடக்குவது, மணிக்கட்டைத் தூக்குவது, இவ்வளவுதான் என் சொல் கேட்கும். விரல்கள் கேட்காது. மார்புக்குக் கீழே தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ஒரு நாளைக்கு 10 மணிநேரம் நாற்காலியில்தான் இருப்பேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. 'அருமையான குஷன், மெத்து மெத்தென்று இருக்கிறது' என்று எழுதுகிறவர்களின் மதிப்புரையால் எனக்கு ஒரு பயனும் இருந்ததில்லை. மெத்தென்று இருக்கிறதா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

கருப்பு ரப்பர். அதில் வரிசை வரிசையாக, தடித்த விரல்களைப் போல நிமிர்ந்து நிற்கும் காற்றறைகள். எல்லா அறைகளும் அடியில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஓர் இடத்தில் எலும்பு அழுத்தினால் அங்கிருக்கும் காற்று அக்கம்பக்கத்து அறைகளுக்கு நகர்ந்துவிடும். உடம்பு மேலே நிற்காமல் கொஞ்சம் அமிழ்ந்து உட்காரும், எடை பரவும். ஃபோம் குஷனில் உட்கார்ந்திருந்த நாட்களில் இடுப்படியில் இரண்டு உட்காரும் எலும்புகளுக்கும் நேரே தோல் நிறம் மாறிக்கொண்டே இருந்தது. இதற்கு மாறிய பிறகு நின்றது. பொருள் நல்ல பொருள்தான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் காற்றின் அளவு சரியாக இருந்தால் மட்டும். குறைந்தால் எலும்பு நேராக அடித்தட்டில் போய் இடிக்கும். கூடினால் நீங்கள் உருண்டைக் கற்கள்மேல் உட்கார்ந்ததுபோல மேலேயே நிற்பீர்கள், அதுவும் அதே அளவு கெடுதல். பலரும் இந்த இரண்டாவதில்தான் ஏமாறுகிறார்கள், 'நிறைய காற்று இருந்தால் நல்லதுதானே' என்று. சரியான அளவைப் பார்க்கக் கைதான் கருவி. முதலில் கொஞ்சம் கூடுதலாகக் காற்றடித்து, ஆளை உட்கார வைக்க வேண்டும். குஷனுக்கும் உடம்புக்கும் நடுவே ஒருவர் கையை நுழைத்து, தொடையைச் சற்றே தூக்கி எலும்பைத் தேடிப் பிடித்து, காலை இறக்கி, வால்வைத் திறந்து, விரல்நுனி லேசாக மட்டும் அசைகிற அளவுக்குக் காற்றை விட வேண்டும். எலும்புக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு விரற்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பார்க்க வேண்டும். கை நன்றாக இயங்குகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். என்னால் முடியாது. எனக்கு இன்னொருவரின் கை வேண்டும்.

அந்தக் கை என் அக்காவுடையது.

1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், படுத்திருப்பவர்களை இரவு பகல் பாராமல் 2 மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தே தீர வேண்டும் என்று நின்றார். அதுவரை என் போன்றவர்களில் பெரும்பாலானோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துப்போனவர்கள். அக்காவுக்குக் குட்மனைத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அலாரம் வைத்தாள். நான் வீடு திரும்பிய முதல் ஆண்டு முழுக்க, 10, 12, 2, 4, 6. திருப்பிவிட்டு, புறங்கையால் என் இடுப்பைத் தடவிப் பார்ப்பாள். எங்களைப் போன்ற மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. சூடும் கெட்டித்தன்மையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஏர் குஷன் வந்தபோது பெட்டியில் இருந்த தாளை ஒரே ஒரு முறை படித்தாள். பிறகு கையை விட்டு, வால்வைத் திருகி, "ம்" என்பாள். அந்த 'ம்' சொன்னால் சரியாக இருக்கிறது என்று பொருள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா எழுந்திருக்கவில்லை. என் கட்டிலுக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவே நான்கடி. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அதற்கப்புறம் வீடு நிறைய ஆட்கள். வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "இனி இவளை யார் பாத்துக்கப் போறா?" என்னிடம் கேட்கவில்லை, என் தலைக்கு மேலே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கூடவே, அக்கா தெய்வம், தியாகி, இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்று. எனக்குக் கூடப்பிறந்தவள் போயிருந்தாள். என் ரிமோட்டைப் பிடுங்குகிறவள், என்னைக் கேட்காமல் என் மின்னஞ்சலைப் படிக்கிறவள், பொய் சொன்னால் மூக்கு விடைக்கிறவள். வந்தவர்கள் பேசியதைக் கேட்டால் எனக்கு ஒரு நர்ஸ் போனதுபோல இருந்தது. நான் அழுதபோதெல்லாம் யாரோ ஒருவர் "பயப்படாதே, ஏற்பாடு பண்ணிடலாம்" என்றார்.

நான்கு நாள் நாற்காலியிலேயே இருந்தேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மேசைமேல் முன்னால் சாய்ந்து, ஏறக்குறைய 2 நிமிடம் அப்படியே இருந்து எலும்பின் பாரத்தைக் குறைக்க வேண்டும். பாதி நேரம் மறந்தேன், மீதி நேரம் வேண்டாமென்றே விட்டேன். தூக்கி இறக்கியவர்களில் யாரோ வால்வைத் திருகிவிட்டுச் சரியாக மூடாமல் விட்டதும் எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் தலைவலி ஆரம்பித்தது. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை, முகம் சிவந்தது. அழுததால் என்றார்கள், தைலம் தடவினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், 11 ஆண்டு அனுபவம் இருந்தும்.

நான்காம் நாள் மாடியிலிருந்து டைலரம்மா இறங்கி வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வாசல்படிமேல் அக்கா ஒரு சரிவுப் பலகை போட்டாள். அது மாடிப்படியின் கால்வாசியை மறைத்தது. அன்று தொடங்கிய சண்டை. 11 ஆண்டு அக்காவும் அவரும் நேருக்கு நேர் பேசியதில்லை, சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். அக்காவின் பார்வையில் அவர் ஈவிரக்கம் இல்லாதவர். அதனால் எனக்கும் அப்படித்தான்.

வந்தவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே, துணியை அளக்கிற பார்வையில் என்னைப் பார்த்தார். "ஏன் உன் இடது தோள் இறங்கியிருக்கு?"

யாரும் பதில் சொல்லவில்லை.

"முன்னெல்லாம் நேராத்தான் உட்கார்ந்திருப்பே. ஒரு இஞ்ச் இறங்கியிருக்கு. அடியில என்னமோ சரியில்ல."

என்னைத் தூக்கிப் பார்த்தபோது குஷன் தட்டையாகக் கிடந்தது. படுக்கையில் ஒருக்களித்துப் படுக்க வைத்த சில நிமிடங்களில் தலைவலி இறங்கியது. ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்லெக்ஸியா என்று பெயர். மார்பின் மேல்பகுதியிலோ கழுத்திலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, கீழே ஏதாவது வலிக்கிற சங்கதி நடந்தால், வலி தெரியாது. அதற்குப் பதில் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். அதை விட்டால் உயிருக்கே ஆபத்து. இந்த வகைக் குஷன் வாங்குகிற வீட்டில் எல்லாரும் இந்த ஒரு விஷயத்தையாவது தெரிந்து வைத்திருங்கள்: காரணமில்லாத தலைவலியும் மேலுடம்பு வியர்வையும் வந்தால் ஆளை நிமிர்த்தி உட்கார வையுங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, அடியில் என்ன அழுத்துகிறது என்று தேடுங்கள், தணியவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரி. என் விஷயத்தில் படுக்க வைத்ததுகூட யோகத்தில்தான் சரியாய்ப் போனது.

இடது பக்கம் தோல் உரிந்திருந்தது. உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 6 வாரம் ஒருக்களித்தும் குப்புறவும் படுத்தே கிடந்தேன். காலையும் இரவும் வர ஓர் உதவியாளர் கிடைத்தார். கூட்டம் கலைந்தது. மதியம் மட்டும் டைலரம்மா ஹெம்மிங் வேலையை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிடுவார். நான் அழைக்கவில்லை. "மேல வெளிச்சம் போதல" என்று காரணம் சொன்னார். மாடியில்தான் வெளிச்சம் அதிகம்.

ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்ததும் அக்காவைத் திட்டத் தொடங்குவார். "உங்கக்கா இருக்காளே, அவளுக்கு வாய் நீளம். பலகையை அரை அடி தள்ளிப் போடுன்னுதான் சொன்னேன். தள்ளினா குறைஞ்சா போயிடுவா?" எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் நான் பதில் பேசினேன், அக்காவுக்காக வாதாடினேன். பிறகு ஒருநாள், அந்தப் பலகையை வேண்டுமென்றேதான் அக்கா தள்ளிப் போடவில்லை, என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னாள் என்று ஒப்புக்கொண்டேன். டைலரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியும்!" என்றார். அவ்வளவு சந்தோஷத்தை அந்த வீட்டில் பல வாரங்களாக நான் பார்க்கவில்லை. ஊரெல்லாம் தெய்வமாக்கிவிட்ட ஒருத்தியோடு இவர் ஒருவர்தான் இன்னும் சண்டையை முடிக்காமல் வைத்திருந்தார். அந்த இரண்டு மணிநேரம் அக்கா பக்கத்து அறையில் இருப்பதுபோலவே இருக்கும்.

இன்னொரு நாள், தலை நிமிராமல் சொன்னார்: "முதல் வருஷம் உங்க வீட்டு அலாரம் ரெண்டு மணிக்கு, நாலு மணிக்குன்னு அடிக்கும். தரை வழியா எனக்குக் கேக்கும். திட்டிக்கிட்டே நானும் திரும்பிப் படுப்பேன்."

6 வாரம் முடிந்து நாற்காலிக்குத் திரும்பியபோது குஷனைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. உதவியாளர் நல்லவர், ஆனால் மேலாக ஒரு தட்டு தட்டி "சரியா இருக்கு" என்பார். டைலரம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. எந்த இடத்தில் கையை விட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சொன்னதும், "நாப்பது வருஷமா பொம்பளைங்களுக்கு அளவெடுக்கிறேன், எனக்கென்ன" என்று கையை நுழைத்தார். எலும்பைத் தேட மட்டும் இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் வால்வைத் திருகிக் காற்றை விட்டுக்கொண்டே வந்து, "முக்கால் இஞ்ச்" என்று நிறுத்தினார். ஸ்கேல் வைத்துப் பார்க்க வழியில்லை. பார்க்கத் தேவையும் இல்லை என்பதை மாலையில் தோல் சொன்னது. அக்கா 'ம்' என்பாள். இவர் அளவு சொல்கிறார்.

குறைகளுக்கு வருகிறேன். ஆட்டம்: கட்டிலுக்கு மாறும்போது படகில் கால் வைத்ததுபோல அலைபாயும். இடுப்பில் பிடிமானம் இல்லாதவர்களுக்குப் பழக நாளாகும். குளிர்ந்தால் காற்றழுத்தம் குறையும், மலைமேல் போனால் அதே காற்று விரிந்து கெட்டியாகும், இரண்டு இடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். பஞ்சர்: ரப்பர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஊசிக்குத் தாங்காது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், டைலரம்மாவின் முந்தானையில் எந்நேரமும் நான்கைந்து குண்டூசி குத்தியிருக்கும். ஒன்று விழுந்தது. காலையில் அடித்த காற்று மதியம் இல்லை. குஷனைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினோம், ஓர் அறையின் அடியிலிருந்து குமிழி வரிசையாக வந்தது. அவர் முகம் செத்துவிட்டது. "துணியில ஓட்டை விழுந்தா தைப்பேன். காத்துல விழுந்தா என்ன பண்றது?" பெட்டியோடு வந்த ஒட்டுப்போடும் பொருட்கள் இருந்தன. உலர வைத்து, சுத்தம் செய்து ஒட்டினோம், இன்றுவரை பிடித்திருக்கிறது. அதிலிருந்து என் வாசலில் ஒரு குண்டூசிக் குஷன், சின்னது, அவரே தைத்தது. உள்ளே நுழையுமுன் குண்டூசிகளை அதில் குத்திவிட்டுத்தான் வருவார்.

கடைசியாக உறை. இது முக்கியம், தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கூடவே வரும் உறை இழுத்தால் நீளும் துணி. உடம்பு அமிழும்போது உறையும் கூடவே அமிழ வேண்டும். இழுபடாத துணியைப் போர்த்தினால் அது முரசுத் தோல் மாதிரி விறைத்து நிற்கும், காற்றறை இருந்தும் பயனில்லை.

அக்காவின் நீலப் பருத்திப் புடவை ஒன்று என்னிடம் இருந்தது. அதில் உறை தைத்துத் தரச் சொன்னேன். நாள் முழுக்க அவள்மேல் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன், சொல்வதற்கென்ன. டைலரம்மா ஓரம் அடித்து, மூலை மடித்து, ஜிப் வைத்து, இரண்டே நாளில் கொண்டுவந்தார். அழகாக இருந்தது. போட்டு உட்கார வைத்து, வழக்கம்போலக் கையை விட்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"நிக்குது," என்றார். "நீ இறங்க மாட்டேங்கிற. துணி விடல."

ஒரே ஒரு நாள் இருக்கட்டும் என்று கேட்டேன். முடியாது என்றார். கெஞ்சினேன். என்னென்னவோ சொன்னேன், அவருக்கு அக்காவைப் பிடிக்காது என்பதால்தான் இப்படிச் செய்கிறார் என்றும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் உதவியாளரைக் கூப்பிட்டு, என்னைத் தூக்கச் சொல்லி, உறையை உருவி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அன்று மாலையே தையல் பிரிக்கிற சத்தம் கேட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. தையல் பிரிப்பதற்குச் சத்தம் ஏது?

மூன்று நாள் அவர் இறங்கவில்லை. காற்றை உதவியாளர்தான் பார்த்தார், மேலாகத் தட்டி.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது அந்தக் கைப்பம்புக்காக: தனியாகக் கிடக்கும், குஷனோடு மாட்டிவைக்க ஒரு கொக்கிகூடக் கிடையாது, அவசரத்துக்குத் தேடினால் கட்டிலுக்கு அடியில் இருக்கும். இப்போது அது தொலைவதில்லை. நாற்காலியின் முதுகுப்புறத்தில் ஒரு பையில் தொங்குகிறது. நீலப் பருத்தி, இரட்டை மடிப்பு, இழுத்து மூட நாடா. நான்காம் நாள் மாட்டிவிட்டார். அளவு கச்சிதம், பம்பு மட்டும்தான் கொள்ளும். மீதித் துணி எங்கே என்று கேட்டேன். "இருக்கு, இருக்கு" என்றார்.