கோத்தகிரிக்காரரைக் கோவையில் காட்டாமலிருக்க: பிரவுசரில் இடமறியும் மூன்று வழிகள்

பச்சைத் தேயிலை ஏற்ற வண்டி அனுப்பும் ஒரு வலைப்பக்கம் செய்வதாக வைத்துக்கொள்வோம். கோத்தகிரி பக்கம் ஏதோ ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) சிறு விவசாயி ஒருவர் இலையை மூட்டை கட்டி ரோட்டோரம் வைத்துவிட்டுப் பக்கத்தைத் திறக்கிறார். வண்டி எங்கே போகவேண்டும்? ஐபி முகவரியை (இணையத்தில் அவர் இணைப்புக்கு உள்ள எண்) வைத்து ஊகிக்கலாம், பிரவுசரிடம் கேட்கலாம், அவரிடமே கேட்கலாம். சமவெளியில் எதை எடுத்தாலும் ஓரளவு சமாளித்துவிடலாம். மலையில் முடியாது.

ஐபியை முதலில் முடித்துவிடுகிறேன். அனுமதி கேட்கவேண்டியதில்லை, காத்திருக்கவும் வேண்டாம், எல்லாம் சர்வரிலேயே முடிந்துவிடும். ஆனால் மொபைல் டேட்டாவில் ஒரே பொது ஐபியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். அது கோவை, சென்னை போன்ற பெருநகரக் கணக்கில் பதிவாகியிருக்கும். கோத்தகிரிக்காரர் அப்படித்தான் கோவைக்காரர் ஆகிவிடுகிறார். பக்கத்தை எந்த மொழியில் திறப்பது என்று முடிவெடுக்க ஐபி போதும். வானிலை காட்டக்கூட நான் இதை நம்பமாட்டேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோவை சுமார் 400 மீட்டரில். இரண்டுக்கும் ஒரே வெப்பநிலையைக் காட்டினால் யார் மதிப்பார்கள்?

பிரவுசரின் ஜியோலொக்கேஷன் ஏபிஐ, அதாவது இருக்கும் இடத்தைப் பிரவுசரிடம் கேட்க நிரலில் உள்ள வழி, இதைவிட எவ்வளவோ மேல். பக்கம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக வரவேண்டும் (குரோம் 2016லேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டது), பயனர் அனுமதி தரவேண்டும். இந்த ஏபிஐயைக் கூப்பிட்டால் ஜிபிஎஸ் பதில் சொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த உறுதியும் இல்லை. ஜிபிஎஸ், சுற்றிலும் தெரியும் வைஃபை, செல் டவர் என்று கையில் கிடைத்ததை வைத்துக் கணக்குப் போடும். எதுவும் இல்லாவிட்டால் ஐபிக்கே போய்விடும். இ-சேவை மையத்து மேசைக் கணினியில் ஜிபிஎஸ் கிடையாது. ஹட்டியில் வைஃபையும் அரிது. டவரோ ஒரு குன்றின் மேல் நின்று பல பள்ளத்தாக்குகளுக்குச் சிக்னல் தரும்.

அதனால் அட்சரேகை, தீர்க்கரேகையோடு வரும் அக்யூரசி என்ற எண்ணைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது. அது மீட்டர் கணக்கு. 15 என்று வந்தால் வண்டியை அனுப்பலாம். 3000 என்று வந்தால் ஆள் அந்தப் புள்ளியைச் சுற்றி 3 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறார் என்றுதான் பொருள்; அதற்குள் ஓர் ஓடை, இரண்டு சரிவு, நாலு ஹட்டி இருக்கலாம். இரண்டுக்கும் வரைபடத்தில் ஒரே மாதிரி ஊசி குத்தி வைப்பது பயனரை ஏமாற்றுவதுதான்.

மூடுபனி வந்தால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று இங்கே சொல்வார்கள். பனி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சரிவும் அடர்ந்த மரங்களும்தான் தடை. குறைந்தது நாலு செயற்கைக்கோள் தெரிந்தால்தான் இடம் சரியாக விழும். பள்ளத்தில் நிற்பவருக்கு வானத்தில் பாதியை மலையே மறைத்துவிடுகிறது. டேட்டாவும் மந்தமாக இருந்தால், செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலைப் போன் செயற்கைக்கோளின் சிக்னலிலிருந்தே வாங்கவேண்டும். அது 30 விநாடிக்கு ஒரு முறைதான் முழுதாக வரும். நகரத்தில் உட்கார்ந்துகொண்டு டைம்அவுட்டை (எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு) 5 விநாடி என்று எழுதுபவர்கள் இதை யோசிப்பதில்லை. கூடுதல் துல்லியம் கேட்கும் ஹைஅக்யூரசியை ஆன் செய்து, ஒரு நிமிடமாவது அவகாசம் கொடுங்கள். ஒரே தடவை கேட்பதைவிட இடத்தைத் தொடர்ந்து கவனிக்கும் வாட்ச்பொசிஷன் போட்டு, அக்யூரசி எண் 50க்குக் கீழே இறங்கியதும் நிறுத்துவது நல்லது.

சரி, அவரையே கேட்பது? பழைய முறைதான், ஆனால் என் ஓட்டு இதற்கே. விவசாயிக்காகத் திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் பக்கத்தைத் திறந்தால், மற்ற இரண்டு வழிகளும் மகனின் போன் இருக்கும் இடத்தைத்தான் சொல்லும். மூட்டை இருப்பது வேறெங்கோ. பின்கோடு மட்டும் கேட்டால் போதாது. கோத்தகிரியின் 643217க்குள் எத்தனையோ ஹட்டிகள். ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் வரும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பதுதான் சரி.

பட்டியலுக்கு இன்னொரு பலமும் உண்டு. இடம் துல்லியமாகக் கிடைத்தாலும், நேர்க்கோட்டுத் தூரத்தை வைத்து அருகிலுள்ள இலை சேகரிப்பு மையத்தைத் தேடினால் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் இருப்பது வந்து நிற்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கூடலூர் சுற்றினால் தூரம் இரு மடங்கு. இதெல்லாம் ஆயத்தொலைவுகளுக்குத் தெரியாது. எந்த ஹட்டிக்கு எந்த மையம் என்பதை டிரைவர்களிடம் கேட்டு ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் போதும்.

ஆக, முதலில் ஊர்ப்பட்டியல். அதன் கீழே 'நான் இருக்கும் இடத்தைக் காட்டு' என்று ஒரு பட்டன், ஊசியை விரலால் நகர்த்தும் வசதியோடு. பக்கம் திறந்த உடனே அனுமதி கேட்காதீர்கள். பலர் எதற்கென்று புரியாமல் மறுத்துவிடுவார்கள், அப்புறம் செட்டிங்ஸில் போய் மாற்றச் சொல்லி யாருக்குப் புரியவைப்பது? பட்டனை அழுத்தியபின் பிழை எண் 1 வந்தால் அவர் மறுத்திருக்கிறார். திரும்பக் கேட்காமல் பட்டியலுக்குக் கூட்டிப்போங்கள். 2 (இடம் கிடைக்கவில்லை) அல்லது 3 (நேரம் முடிந்துவிட்டது) வந்தால் வெட்டவெளிக்கு வந்து மறுபடி அழுத்தச் சொல்லலாம். வண்டி வந்து இலையை ஏற்றியபின் அந்த இடத்தைச் சேமித்து வைக்கத்தான் வேண்டுமென்றால் அட்சரேகை, தீர்க்கரேகையில் மூன்று தசம இலக்கத்துக்கு மேல் வைக்காதீர்கள். அதுவே சுமார் 110 மீட்டர் அளவுக்கு இடத்தைக் காட்டிவிடும்.