மங்கிய ஹெட்லைட்: பாலிஷா, புதுசா?

இரவில் ரோடு சரியாகத் தெரியவில்லையா? பல்பை மாற்றும் முன் ஹெட்லைட் கண்ணாடியைப் பாருங்கள். இன்றைய பெரும்பாலான கார்களில் அது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல்பூச்சு வெயிலில் சிதைந்ததும் மஞ்சளாகி வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

செலவு: பாலிஷ் குறைவு. புதுசு பல மடங்கு. எல்இடி என்றால் இன்னும் கூடும்.

வேலை: பாலிஷுக்கு அரை நாள் போதும். 800, 1500, 3000 என்று எண் கூடக்கூடப் படிப்படியாக நைசாகும் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். புதுசு மாட்டச் சில கார்களில் பம்பரையே கழற்ற வேண்டியிருக்கும். அப்புறம் ஒளி விழும் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும், எதிரே வருபவருக்குக் கண் கூசக் கூடாது.

ஆயுள்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தேய்த்த பிறகு புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதங்களிலேயே மறுபடி மங்கிவிடும். பற்பசையால் தேய்க்கும் வைத்தியமும் அப்படித்தான். பூச்சு அடித்தால் ஓரிரு வருடம் தாங்கும். தரமான புது ஹெட்லைட் பல வருடம் வரும்.

வெளிப்பக்கம் மட்டும் மஞ்சள் என்றால் பாலிஷே போதும், தயங்காதீர்கள். உள்ளே நீர் கோத்திருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, பிரதிபலிப்பான் கருகியிருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். முடிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.