காரின் திரை அணைகிறதா? பெட்டியை மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

புதியது என்று சொல்லி சர்வீஸ் மையத்தில் என் காரில் மாட்டிக் கொடுத்த ஹெட் யூனிட்டில் (தொடுதிரை, வானொலி, நேவிகேஷன் எல்லாவற்றையும் இயக்கும் பெட்டி அது), அன்று மாலை என் போனைப் புளூடூத்தில் இணைக்கப் போனேன். பட்டியலில் ஏற்கெனவே மூன்று போன்கள் இருந்தன. மூன்றுமே எனக்குத் தெரியாத பெயர்கள். உடனே சர்வீஸ் அட்வைசரை அழைத்துக் கேட்டேன். "அது கம்பெனியில் சோதித்துப் பார்த்த போன்கள் சார், அழித்துவிடுங்கள்" என்றார். நம்பிவிட்டேன். பதினொரு நாள் கழித்து நேவிகேஷனில் 'வீடு' என்ற பொத்தானை அழுத்தினேன். நான் ஒருநாளும் போகாத ஒரு தெருவுக்கு அது வழி காட்டத் தொடங்கியது. யாரோ ஒருவருடைய வீட்டு முகவரி அது.

அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்தப் பெட்டி யாருடையது என்பதைவிட, என்னுடைய பழைய பெட்டி இப்போது யாருடைய காரில் இருக்கிறது என்ற கேள்விதான் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. அதில் என் வீட்டு முகவரி இருக்கிறது. என் போனில் உள்ள எல்லாருடைய பெயரும் எண்ணும் இருக்கின்றன. என் மகளின் பள்ளியைக்கூட நேவிகேஷனில் சேமித்து வைத்திருந்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இதே நிலையில் இருக்கும் ஒருவராவது தப்பிக்க வேண்டும்.

காரின் தொடுதிரை ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கறுத்துப்போகும். சில நொடிகளில் கம்பெனியின் சின்னம் தோன்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முதலில் வாரத்துக்கு ஒரு முறை, பிறகு தினமும். பின்னால் எடுக்கும்போது கேமரா படம் பாதியில் போய்விடுவதுதான் பெரிய பயம். நான் எதையும் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவன். இரண்டு வாரம் எழுதிப் பார்த்ததில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அணைகிறது. பாட்டின் ஒலியைக் கூட்டினால் அணைகிறது. ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் கடிகாரம் 12:00-க்குத் திரும்பிவிடுகிறது. இவற்றோடு எஃப்.எம். வானொலியில் முன்பு இல்லாத ஓர் இரைச்சலும் கேட்டது.

இவை அனைத்தையும் சர்வீஸ் மையத்தில் சொன்னேன். அட்வைசர் தலையை ஆட்டிக்கொண்டே, காரில் என்ன வேலை என்று குறிக்கும் ஜாப் கார்டில் எழுதியது ஒரே வரி: 'டிஸ்பிளே வேலை செய்யவில்லை.' என் கண் முன்னால்தான் எழுதினார். அந்த ஒரு வரியில் கையெழுத்துப் போட்டது என் முதல் தவறு. நாம் சொன்ன அறிகுறிகள் ஜாப் கார்டில் ஏறவில்லை என்றால், உள்ளே வேலை செய்யும் மெக்கானிக்குக்கு அவை போய்ச் சேரவே சேராது.

மாலையில் போன் வந்தது. "ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம் சார். ஹெட் யூனிட் போய்விட்டது. முழுதாக மாற்றினால்தான் சரியாகும். காரின் சேசிஸ் எண்ணோடு பொருந்தும்படி மென்பொருளில் கோடிங்கும் செய்ய வேண்டும்." என்ன பிழைக் குறியீடு வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. மின்னழுத்தம் அளந்தீர்களா என்று கேட்க அன்று எனக்குத் தெரியவில்லை. பெரிய தொகை. கேமரா இல்லாமல் குழந்தைகள் விளையாடும் தெருவில் காரைப் பின்னால் எடுக்க முடியாது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு சம்மதித்தேன். பழைய பெட்டி எங்கே என்றதற்கு "கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம்" என்றார்கள். அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்கவில்லை.

பதினோராம் நாள், அதே பள்ளம், அதே கறுப்புத் திரை, அதே 12:00. அன்றைக்குத்தான் அந்த 'வீடு' பொத்தானையும் அழுத்தினேன். திரும்பப் போனால், "இனி ஒயரிங் செட் முழுவதையும் மாற்றிப் பார்க்க வேண்டும்" என்கிறார்கள். மாற்றிப் 'பார்க்க' வேண்டுமாம், என் பணத்தில். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நண்பர் சொல்லி, வயதான ஒரு கார் எலெக்ட்ரீஷியனிடம் போனேன். கதையை முழுவதும் கேட்டார். கடிகாரம் 12:00-க்குப் போகிறது என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினார். "தம்பி, பதில் அங்கேயே இருக்கிறது. இந்தப் பெட்டிக்கு இரண்டு வழியில் மின்சாரம் போகிறது. ஒன்று சாவி போட்டால் வருவது, இன்னொன்று எப்போதும் இருப்பது. சாவி லைன் மட்டும் விட்டுப்போனால் திரை அணையும், ஆனால் நினைவு போகாது. கடிகாரமே அழிகிறது என்றால் நிரந்தர லைனோ, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த்தோ அறுபடுகிறது. உன் காரில் பெட்டி கெட்டதாக நான் நினைக்கவில்லை."

பெட்டியைப் பாதி வெளியே இழுத்து, எல்லா ஒயர்களும் மாட்டியபடியே இருக்க, மல்டிமீட்டரை எடுத்தார். சாவியைப் போட்டு, எஞ்சினை ஓடவிடாமல் பேட்டரியை அளந்தார்: 12.5 வோல்ட். பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை பெட்டியின் பின்னாலுள்ள எர்த் பின்னிலும் வைத்தார். இரண்டும் ஒரே எர்த் என்பதால், பெட்டி ஓடும்போதும் அங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது என்றார். மீட்டர் 0.9 காட்டியது. பாட்டின் ஒலியைக் கூட்டச் சொன்னார். எண் 2-ஐத் தாண்டியது. டாஷ்போர்டின் இடது ஓரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். மீட்டரில் எண் துள்ளியது, திரை கறுத்தது, சின்னம் வந்தது. கடிகாரம் 12:00.

நான் எத்தனையோ நாள் சாலையில் பார்த்துப் பயந்ததை அவர் ஒரே தட்டில் வரவழைத்துக் காட்டினார். ஒலியைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் அதிக மின்சாரம் இழுக்கிறது. எர்த்தில் தடை இருப்பதால் அங்கேயே வோல்ட் விழுந்து, பெட்டிக்குப் போதாமல் போகிறது. வானொலி இரைச்சலுக்கும் இதுதான் காரணம். எர்த் சரியில்லாதபோது மின்சாரம் ஆன்டெனா கேபிளின் வெளிப்புற உலோகப் பின்னல் வழியாகத் திரும்ப முயல்கிறது. நான் குறித்துவைத்த ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பொருள் இருந்தது.

இடது கால்பக்கப் பலகையைக் கழற்றினார். பாடியில் எர்த் ஒயர்கள் சேரும் போல்ட்டை விரலாலேயே திருக முடிந்தது. அதன் கீழிருந்த வளையம் கறுத்துப்போயிருந்தது. "முன்னால் யாராவது டாஷ்போர்டைக் கழற்றினார்களா?" என்று கேட்டார். எட்டு மாதத்துக்கு முன் ஏசியின் கூலிங் காயிலை மாற்ற டாஷ்போர்டு முழுவதையும் இறக்கியிருந்தார்கள். இறக்கியது இதே சர்வீஸ் மையம். தாங்கள் சரியாக முறுக்காமல் விட்ட ஒரு போல்ட்டுக்காக ஒரு முழுப் பெட்டியின் விலையை என்னிடம் வாங்கியிருக்கிறார்கள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கினார். மறுபடி அளந்தார்: 0.03 வோல்ட். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதன் பிறகு இன்றுவரை திரை ஒருமுறைகூட அணையவில்லை.

பெட்டியே கெட்டுப்போவதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2012 முதல் 2018 வரை வந்த டெஸ்லா மாடல் எஸ் கார்களிலும், 2016 முதல் 2018 வரையான மாடல் எக்ஸ் கார்களிலும் இருந்த 8 ஜிபி ஃபிளாஷ் நினைவகச் சிப், தரவை எழுதி எழுதியே தேய்ந்துபோனது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் தலையிட்டு, 2021 பிப்ரவரியில் சுமார் 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பின்பக்கக் கேமரா படம் போய்விடும் என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அப்படித் தேயும் பெட்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்றார் பெரியவர். மெல்ல மெல்ல மந்தமாகும், வரைபடம் வர நேரமாகும், நிற்கும் காரிலும் சின்னத்திலேயே சிக்கி நிற்கும். பள்ளத்தைப் பார்த்து அணையாது. கடிகாரத்தை மட்டும் வைத்தும் முடிவு கட்டக் கூடாது. 2022 ஜனவரி 1 அன்று பழைய ஹோண்டா கார்கள் பலவற்றில் கடிகாரம் 2002-ஆம் ஆண்டுக்குப் போனது. அது மென்பொருளின் தேதிக் கணக்கில் வந்த கோளாறு. தொடாமலே திரை தானாக அழுந்துகிறது என்றால், பெரும்பாலும் மேலேயுள்ள தொடுகண்ணாடிதான் கெட்டிருக்கும். பல மாடல்களில் அதை மட்டும் தனியாக மாற்ற முடியும்.

ஆகவே "ஹெட் யூனிட் போய்விட்டது" என்று யாராவது சொன்னால், எந்த அளவை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பெட்டியின் கனெக்டரில் எத்தனை வோல்ட் வந்தது, எர்த்தில் எத்தனை விழுந்தது, ஸ்கேனரில் வந்த குறியீடு என்ன. இவற்றை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அளந்தவருக்கு எழுதித் தர இரண்டு நிமிடம் போதும்.

காரை விடுவதற்கு முன் திரையின் அமைப்புப் பகுதிக்குப் போய், பெட்டியின் பாகம் எண், வரிசை எண், மென்பொருள் பதிப்பு மூன்றும் தெரியும் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரை வேலை செய்யும்போதே இணைத்த போன்கள், தொடர்பு எண்கள், வீட்டு முகவரி, உள்நுழைந்த கணக்குகள் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். திரை முற்றிலும் இருண்டுபோய் அழிக்க வழியில்லை என்றால், பழைய பெட்டி உங்கள் கைக்கு வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்னரே எழுத்தில் கேளுங்கள். பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு பழுதுபார்த்த பெட்டியை மாற்றிக் கொடுக்கும் முறை பல கம்பெனிகளில் உண்டு. அது தவறில்லை, ஆனால் பில்லில் அப்படியே இருக்க வேண்டும். என் பில்லில் 'புதியது' என்று இருக்கிறது.

பில்லையும், மீட்டர் அளவுகளையும், அந்த மூன்று போன்கள் தெரியும் படத்தையும் இணைத்துப் புகார் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை அழைத்தார்கள். அடுத்த சர்வீஸை இலவசமாகச் செய்து தருகிறோம் என்றார்கள். நான் கேட்டது வேறு: என் பழைய பெட்டி, அல்லது அது எங்கே போனது என்பதற்கு ஒரு சீட்டு. அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. இப்போது என் காரில் இருக்கும் பெட்டியிலிருந்து அந்த முன்பின் தெரியாதவரின் முகவரியை அழித்துவிட்டேன். என்னுடைய முகவரியை யாராவது அழித்தார்களா என்று எனக்குத் தெரியாது.