மாறும் புரதமா, மாறாத புரதமா: மலேரியாத் தடுப்பூசிக்கு ஏற்ற இலக்கு எது?

மலேரியாத் தடுப்பூசியை உருவாக்குவோர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, ஒட்டுண்ணியின் எந்தப் புரதத்தைக் குறிவைப்பது என்பதாகும். உயிரை அதிகம் குடிக்கும் மலேரியா ஒட்டுண்ணி இனமான பிளாஸ்மோடியம் ஃபால்சிபேரத்தில் ஏறத்தாழ 5,300 மரபணுக்கள் உள்ளன. கொசுவின் வயிற்றில் வெவ்வேறு வகை ஒட்டுண்ணிகள் இணைசேரும்போது புதிய மரபணுச் சேர்க்கைகள் பிறக்கின்றன. நோய் மிகுதியாகப் பரவும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஒரே குழந்தையின் இரத்தத்தில் பல வகைகள் சேர்ந்திருப்பதும் வழக்கம். ஆய்வகத்தில் வளர்க்கும் ஒற்றை வகையை மாதிரியாகக் கொண்டு செய்த தடுப்பூசி, இத்தனை வகைகளுக்கு எதிராக எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதே இங்கு உரைகல்.

சிவப்பணுவுக்குள் நுழைய ஒட்டுண்ணி பயன்படுத்தும் ஏஎம்ஏ1 புரதம் ஒரு காலத்தில் பெரும் நம்பிக்கையை அளித்தது. 3டி7 என்ற ஆய்வக வகையின் ஏஎம்ஏ1-ஐக் கொண்ட தடுப்பூசி, மாலி நாட்டின் பாண்டியாகராவில் 400 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. 2011-இல் வெளியான முடிவின்படி, காய்ச்சலோடு கூடிய மலேரியாவுக்கு எதிரான ஒட்டுமொத்தப் பாதுகாப்பு 17.4 விழுக்காடு மட்டுமே. புள்ளியியல் நோக்கில் அதை உறுதியான பலன் என்று கொள்ளவும் இயலாது. ஆனால், அப்புரதத்தின் குறிப்பிட்ட எட்டு அமினோ அமில இடங்களில் 3டி7-ஐ ஒத்திருந்த ஒட்டுண்ணிகளுக்கு எதிராகப் பாதுகாப்பு ஏறத்தாழ 64 விழுக்காடாக இருந்தது. தடுப்பூசி தான் அறிந்த பகைவனை நன்றாகவே தடுத்தது. அதே ஊரில் முன்னர் நடந்த ஆய்வில் இப்புரதத்தின் 200-க்கும் மேற்பட்ட வடிவங்கள் கண்டறியப்பட்டிருந்தன என்பதுதான் சிக்கல். பல வடிவங்களை ஒரே ஊசியில் சேர்க்கும் முயற்சிகளும் நடந்தன. எனினும் இவ்வளவு பன்மை கொண்ட இலக்கைத் துரத்திக்கொண்டே இருப்பது நெடுவழி என்றே கருதுகிறேன்.

இன்று பயன்பாட்டில் உள்ள ஆர்டிஎஸ்,எஸ், ஆர்21 ஆகிய இரண்டு தடுப்பூசிகளும், கொசு கடித்தவுடன் கல்லீரலை நோக்கிச் செல்லும் நிலையிலுள்ள ஒட்டுண்ணியின் சிஎஸ் புரதத்தைக் குறிவைக்கின்றன. இப்புரதத்தின் நடுப்பகுதியில் நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அது பெரும்பாலும் மாறுவதில்லை. இறுதிப்பகுதியோ ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆர்டிஎஸ்,எஸ் பற்றிய 2015-ஆம் ஆண்டு மரபணு ஆய்வு, 5 முதல் 17 மாதக் குழந்தைகளிடம் இதன் விளைவைத் தெளிவாகக் காட்டியது: இறுதிப்பகுதி முழுவதும் தடுப்பூசியோடு பொருந்திய ஒட்டுண்ணிகளுக்கு எதிராக முதலாண்டில் 50.3 விழுக்காடும், பொருந்தாதவற்றுக்கு எதிராக 33.4 விழுக்காடும் பாதுகாப்பு கிடைத்தது. களத்தில் பொருந்தியவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பொருந்தாதவற்றுக்கு எதிராகவும் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பு எஞ்சியதற்கு, மாறாத நடுப்பகுதியே முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21, பருவகால மலேரியா உள்ள இடங்களில் ஓராண்டில் 75 விழுக்காடு பாதுகாப்பு அளித்தது.

மூன்றாவது வழி ஆர்எச்5. ஒட்டுண்ணி சிவப்பணுவின் மேற்பரப்பிலுள்ள பேசிஜின் என்னும் ஏற்பியைப் (பிற மூலக்கூறுகள் வந்து ஒட்டும் புரதம்) பற்றிக்கொள்ள இப்புரதம் இன்றியமையாதது. வகைக்கு வகை இது மிகக் குறைவாகவே மாறுகிறது. புர்கினா ஃபாசோவில் நடந்த சோதனையில், மூன்றாம் ஊசியைத் தாமதித்துப் போட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதங்களில் 55 விழுக்காடு பாதுகாப்பு கிடைத்ததாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. ஒட்டுண்ணியை அது இரத்தத்தில் பெருகும் நிலையில் தாக்கும் இரத்தநிலைத் தடுப்பூசிக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால், இயற்கையாக நோயுற்றவர்களின் உடல் ஆர்எச்5-க்கு எதிராகப் பெரிதாக எதிர்ப்பொருள் (கிருமியைத் தடுக்கும் புரதம்) உண்டாக்குவதில்லை. அதனால் அது மாறவேண்டிய நெருக்கடியையே இதுவரை சந்திக்காமல் இருந்திருக்கலாம். மேலும், இரத்தத்தில் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்கு வெளியே இருக்கும் நேரம் மிகக் குறுகியது என்பதால், எதிர்ப்பொருளின் அளவு மிக உயர்வாக இருந்தாக வேண்டும்.

ஆகவே ஆர்21-உடன் ஆர்எச்5-ஐச் சேர்ப்பதையே நான் முன்வைப்பேன். இரண்டும் வெவ்வேறு வாழ்நிலைகளைத் தாக்குவதால், ஒரே மரபணு மாற்றத்தால் ஒட்டுண்ணி இரண்டிலிருந்தும் தப்ப முடியாது. தடுப்பூசி போட்ட பின்னும் நோயுறும் குழந்தைகளின் இரத்த மாதிரிகளில் சிஎஸ், ஆர்எச்5 ஆகியவற்றின் மரபணுக்களை ஆண்டுதோறும் வரிசைப்படுத்துவதும் அத்திட்டத்தின் செலவுக் கணக்கிலேயே இடம்பெற வேண்டும்.