பழைய பாப்-அப் ட்ரக் கேம்பர்: உட்புறம் புதுப்பித்த பின் எது நிற்கிறது, எது நிற்கவில்லை

பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் ஏற்றி, போன இடத்தில் கூரையைத் தூக்கிப் படுத்துக்கொள்ளும் பாப்-அப் கேம்பர்களில் பழைய மரச்சட்ட மாடல்கள் அமெரிக்காவில் இன்றும் கைமாறுகின்றன. பெயிண்ட் அடித்து மெத்தையை மாற்றினால் போதும் என்றுதான் பலரும் வாங்குகிறார்கள். சில மழைக்காலம் ஓட்டினால் தெரியும், முதல் பணம் போக வேண்டிய இடம் மூலைகளும் கூரை விளிம்பும்தான்.

கேம்பரை இறக்கி வைக்கும்போது முழு எடையையும் தாங்குவது மூலைகளில் பூட்டிய ஜாக்குகள். அங்கே சட்டம் உளுத்திருந்தால் உள் அலங்காரம் எல்லாம் வீண். குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் அந்தப் பலகையைப் பிரித்தே ஆக வேண்டும். ஓரத்து அலுமினியப் பட்டையைக் கழற்றி, பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி, புது பியூட்டைல் டேப் (நீர் புகாமல் இடுக்கை அடைக்கும், ரப்பர் போன்ற ஒட்டுப்பட்டை) வைத்துத் திருகுங்கள். மேலே லேப் சீலண்ட், அதாவது விளிம்பை மூடும் அடைப்புப் பசை. சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம்: அது விட்டுப்போன பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. மரத்தின் ஈரம் ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே சுவரை மூடுங்கள்.

பழைய சுவர்ப்பலகையின் முகப்பு வழவழப்பான வினைல் தாள். 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஷெல்லாக் பிரைமர் ஒரு கோட் கொடுத்தால் பெயிண்ட் வருஷக்கணக்கில் நிற்கிறது. பிரைமர் இல்லாமல் அடித்தது அலமாரிக் கதவு விளிம்பில் நகம் பட்டாலே உரிகிறது. ஒட்டும் வால்பேப்பர் கோடை வெயிலில் மூலைமூலையாக எழும்பிவிடும். தரைக்கு ஒரே துண்டு ஷீட் வினைல் நல்லது. எடை குறைவு, இடுக்கு இல்லை.

எடைதான் இந்த வண்டியில் நிரந்தரக் கவலை. எட்டுக்கு நான்கு அடி பிர்ச் பிளைவுட், 12 மி.மீ. கனத்தில், ஒரு ஷீட்டே 24 கிலோ அளவுக்கு வரும். 18 மி.மீ. போட்டு அலமாரி கட்டியவர்கள் ஓட்டுநர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள சுமை வரம்பை வீட்டிலேயே தொட்டுவிடுகிறார்கள், தண்ணீரும் ஆட்களும் ஏறுவதற்கு முன்பே. கூரையின் உட்புறத்தில் கனமாக எதையும் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு மாலையும் அதைத் தூக்க வேண்டியது நீங்கள்தான்.

மெத்தை வாங்கும் முன் கூரையை இறக்கி, படுக்கைக்கு மேல் எஞ்சும் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். தடிமன் மிஞ்சினால் கூரை முழுதாக அமராது, தாழ்ப்பாள் விழாது, பக்கத்துத் துணி நசுங்கிக் கிழியும். 32 டென்சிட்டி (கன மீட்டருக்கு 32 கிலோ) ஃபோம், நான்கு அங்குலம் போதும். அதற்கு அடியில் காற்றோட்ட வலை கட்டாயம். இரண்டு பேர் இரவு முழுக்க விடும் மூச்சு, குளிர்ந்த பலகையில் நீராகப் படியும். வலை இல்லாத மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருக்கும்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. லித்தியம் பேட்டரி எடை குறைவு, ஆனால் பழைய கன்வெர்ட்டர் (வெளி மின்சாரத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பெட்டி) அதை முழுதாக ஏற்றாது. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் பேட்டரியை உள்ளே, ஹீட்டர் பக்கமாக வையுங்கள். அடுப்பையோ ஹீட்டரையோ நகர்த்தியிருந்தால் புரொப்பேன் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பற்றவையுங்கள்.