ஐசியா, வாக்காளர் அட்டையா, வெறும் பெயரா?

என்னிடம் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று, கும்பகோணத்தில் வாங்கிய வாக்காளர் அடையாள அட்டை. அதில் இருக்கும் படத்தைக் காட்டினால் பெற்ற அம்மாவே "யாருடா இது?" என்பார். மற்றது, 2015 கடைசியில் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியபோது கைக்கு வந்த இளஞ்சிவப்பு ஐசி, அதாவது சிங்கப்பூர் அடையாள அட்டை. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொண்டவன் நான். எனவே இந்த அலசலில் ஒரு பக்கம் சாய்வேன். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

எழுதத் தூண்டியது ஒரு சாப்பாட்டு மேசைச் சண்டை. மெல்பர்னிலிருந்து அக்கா வந்திருந்தார். லண்டனில் இருக்கும் சித்தப்பா மகனும் வேலை விஷயமாக வந்து எங்கள் செங்காங் வீட்டில் தங்கியிருந்தான். பேச்சு எங்கெங்கோ சுற்றி, ஓட்டுப்போட வருகிறவரிடம் அட்டை கேட்கலாமா கூடாதா என்பதில் வந்து நின்றது. "எங்க ஊர்ல பேரைச் சொன்னாப் போதும்" என்றார் அக்கா. "எங்க ஊர்லயும் அப்படித்தான் இருந்துச்சு, கெடுத்துட்டாங்க" என்றான் தம்பி. என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அட்டை இல்லாம எப்படி உள்ள விடுவாங்க?" என்று கேட்டார். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் கேள்வியில் அவருக்கு எந்த அரசியலும் இல்லை, வெறும் ஆச்சரியம்தான்.

கள்ள ஓட்டு தப்பு. உண்மையான வாக்காளரைத் திருப்பி அனுப்புவதும் தப்பு. இந்த இரண்டையும் யாரும் மறுக்கப் போவதில்லை, அதனால் அங்கே நிற்காமல் போகிறேன்.

முதலில் அக்காவின் ஊர். ஆஸ்திரேலியாவில் கூட்டாட்சித் தேர்தலுக்குப் போனால் மூன்றே கேள்விகள்: முழுப்பெயர் என்ன, முகவரி என்ன, இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்களா? பதில் சொன்னால் சீட்டு கையில். 1924 முதல் அங்கே வாக்களிப்பது கட்டாயம். கிட்டத்தட்ட எல்லோரும் வருகிற ஊரில் இன்னொருவர் பெயரில் ஓட்டுப்போட்டால், அந்த இன்னொருவரும் வந்து நிற்பார், பட்டியலில் ஒரே பெயருக்கு இரண்டு குறி விழும், மாட்டிக்கொள்ளும். குவீன்ஸ்லாந்து மாநிலம் மட்டும் 2014-இல் அட்டை கேட்கும் சட்டம் கொண்டுவந்து, 2015-இலேயே ஆட்சி மாறியதும் எடுத்துவிட்டது. நான் அங்கே வரிசையில் நின்றதில்லை. அக்கா சொல்வதில் பாதி, வாக்குச்சாவடி வாசலில் சுட்டு விற்கும் சாசேஜ் ரொட்டியைப் பற்றித்தான். ஆனால் கட்டாய வாக்களிப்பும் ஒழுங்கான பட்டியலும் இருந்தால் அட்டை இல்லாமலும் தேர்தல் நடக்கும் என்பதற்கு அந்த நாடு நல்ல சாட்சி. இதை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை.

தம்பியின் கதை வேறு. பிரிட்டனில் வட அயர்லாந்தைத் தவிர மற்ற இடங்களில் பெயரும் முகவரியும் போதும் என்றிருந்தது. 2022-இல் சட்டம் வந்து, 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் முதன்முறையாகப் படம் போட்ட அட்டை கேட்டார்கள். அந்த ஒரு தேர்தலில் மட்டும் குறைந்தது 14,000 பேர் திரும்பிப் போய் மறுபடி வரவில்லை என்று அந்நாட்டுத் தேர்தல் ஆணையமே சொன்னது. அடுத்த வருடம், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசின் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனே அட்டையை மறந்துவிட்டுப் போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. தம்பிக்குச் சிரமமில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால் அங்கே ஓட்டு உண்டு, இந்தியக் கடவுச்சீட்டை நீட்டினால் போதும். அவன் கோபம் வேறு இடத்தில். அறுபது வயதுக்காரரின் பயண அட்டை செல்லும், இளைஞர்களின் பயண அட்டை செல்லாது. அமெரிக்காவின் டெக்சஸில் துப்பாக்கி உரிமம் செல்லும், மாணவர் அட்டை செல்லாது என்பது போன்ற கதை இது. எது செல்லும் எது செல்லாது என்று பட்டியல் போடுகிறவர் கையில் தேர்தலின் ஒரு நுனி போய்விடுகிறது.

பிரிட்டனின் சிக்கலுக்கு வேர் எளிது. அங்கே எல்லோருக்கும் பொதுவான தேசிய அடையாள அட்டை கிடையாது. கொடுக்காத பொருளைக் கொண்டுவா என்று கேட்கிறார்கள். இலவசமாகச் சான்றிதழ் தருகிறோம் என்கிறார்கள், சரிதான். ஆனால் அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள். இந்த "யார் செய்ய வேண்டும்" என்ற இடத்தில்தான் என் கண் நிற்கிறது. அட்டை வேண்டுமா வேண்டாமா என்று மணிக்கணக்காகப் பேசலாம். அந்த அட்டையைக் காலத்துக்கு ஏற்றபடி யார் பராமரிப்பது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முடிவு செய்யும் விஷயம்.

அதைக் கும்பகோணத்து அட்டைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த அட்டை ஏன் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில் அப்பா சாயங்காலம் நான்கு மணிக்குச் சாவடிக்குப் போனார். "உங்க ஓட்டு காலையிலயே விழுந்துடுச்சே சார்" என்றார்களாம். சட்டப்படி அப்படிப்பட்டவர் தனிச்சீட்டில் வாக்களிக்கலாம், இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் தேர்தல் விதி 49பி அதுதான். அன்று அதை யாரும் அப்பாவுக்குச் சொல்லவில்லை. அவர் சும்மா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். 1993-இல் டி.என். சேஷன் தேர்தல் ஆணையத்தில் இருந்தபோது படம் போட்ட அட்டை திட்டம் தொடங்கியதும், எங்கள் தெருவில் முதலில் வரிசையில் நின்றவர்களில் அப்பாவும் ஒருவர்.

ஆனால் அந்த அட்டைக்கு ஓட்டைத் தவிர அன்றாடத்தில் பெரிய வேலை இல்லை. சென்னையில் வேலை கிடைத்துத் தாம்பரத்தில் அறை எடுத்தேன், அப்புறம் குரோம்பேட்டை, அப்புறம் வேளச்சேரி. ஒவ்வொரு முறையும் பெயரை மாற்ற ஒரு படிவம், முகவரிச் சான்று, வீட்டுக்காரரின் சம்மதம், சரிபார்க்க வரும் வாக்குச்சாவடி அலுவலர் கதவைத் தட்டும்போது நான் வீட்டில் இருக்க வேண்டும். நான் மாற்றவே இல்லை. ஒரு தேர்தலுக்குப் பேருந்து பிடித்து ஊருக்குப் போனேன். இன்னொன்றுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அதே பட்டியலில் என் தாத்தா இறந்து ஆறு வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார். இதில் யாரையும் திட்டுவதற்கில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேடும் பொருள் தேடுகிற அன்றைக்குக் கிடைப்பதில்லை, வீட்டுச் சாவிக்கும் இதே கதைதான்.

இந்தியத் தேர்தல் ஆணையம் கெடுபிடி செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் என்று வேறு பத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை ஏற்கிறார்கள். பிரிட்டனைவிட இது எவ்வளவோ தாராளம். 1962 தேர்தல் முதல் விரலில் வைக்கும் மைசூர் மை வேறு இருக்கிறது. ஆக, சாவடி வாசலில் பிரச்சினை குறைவு. பிரச்சினை பட்டியலில். வருடக்கணக்காகப் பராமரிக்காமல் விட்ட பட்டியலை ஒரே மூச்சில் சுத்தம் செய்யும்போது என்ன ஆகும் என்பதை 2025-இல் பீகாரில் பார்த்தோம். வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. விடுபட்டவர் பட்டியலை வெளியிடும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆதாரையும் ஏற்கச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் திருத்தப் பணி தமிழ்நாட்டுக்கும் வந்தது. அம்மா படிவத்தை நிரப்பிவிட்டு, சரியாகத்தான் எழுதினேனா என்று என்னை மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டார். எழுபது வயதில், ஐம்பது வருடமாக ஓட்டுப்போட்ட ஒருவருக்கு அந்தப் பதற்றம்.

இப்போது இங்கே. 2016-இல் உட்லண்ட்ஸிலிருந்து செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கி வந்தோம். வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரியைச் சொல்ல வேண்டும். நான் ஓட்டை நினைத்து அதைச் செய்யவில்லை. பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், பள்ளிக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள், ஆகவே முதல் வேலையாக அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போனேன். ஐசியில் புது முகவரி ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார்கள். அவ்வளவுதான் நான் செய்தது. 2017 அதிபர் தேர்தலில் போட்டியே இல்லை. 2020 ஜூலையில் முதன்முறையாக வாக்களிக்கும் வாய்ப்பு வந்தபோது, புதிதாக உருவாகியிருந்த, பல உறுப்பினர்களைக் குழுவாகத் தேர்ந்தெடுக்கும் செங்காங் குழுத்தொகுதியில் என் பெயர் தானாகவே இருந்தது. எங்கே வாக்களிக்க வேண்டும் என்று சொல்லும் போல் கார்டு தபாலில் வந்தது. முகக்கவசத்தோடு நின்று ஐசியைக் கொடுத்தேன், அதன் பட்டைக்கோட்டை ஸ்கேன் செய்தார்கள், சீட்டு வந்தது. 2023-இலும் 2025-இலும் அதே கதை.

மூன்று தேர்தல் அனுபவம் பெரிய அனுபவமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்றிலும் நான் "வாக்காளர் பதிவு" என்று எந்தப் படிவத்தையும் தொட்டதில்லை என்பது நினைவில் கொள்ள வேண்டியது. 15 வயதில் அட்டை, 30-இலும் 55-இலும் புதுப்பிப்பு, 21-இல் ஓட்டு. பதிவேடு அந்த அட்டையின் முகவரியிலிருந்தே உருவாகிறது. வங்கி, மருத்துவமனை, பள்ளி, நூலகம் என்று எல்லாவற்றுக்கும் உயிரோடு வைத்திருக்கும் அட்டையின் மேல் ஓட்டு ஓசியில் பயணம் செய்கிறது. 2025 மே 3-இல், போட்டி நடந்த தொகுதிகளின் 26 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்களிப்பு நிலையங்கள். எனக்கு ஒதுக்கியது என் புளோக்கிலிருந்து நடந்து ஐந்து நிமிடம். குடிமக்கள் அல்லாதவர் இவ்வளவு பேர் வாழும் ஊரில் இளஞ்சிவப்பா நீலமா என்று பார்த்தாலே யார் குடிமகன், யார் நிரந்தரவாசி என்று தெரிந்துவிடுவதும் ஒரு வசதி.

ஒரே அட்டை இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. என்னுடன் வேலை செய்யும் மலேசியத் தமிழர் ஒருவர் ஜொகூர் பாருவில் குடியிருக்கிறார். அவருடைய மைகார்டில், அதாவது மலேசிய அடையாள அட்டையில், இன்னும் வடக்கே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் முகவரி. 2021 டிசம்பர் முதல் அங்கேயும் தானியங்கிப் பதிவுதான், ஆனால் அது அட்டையில் உள்ள முகவரியைத்தான் பார்க்கும். 2022 நவம்பர் பொதுத்தேர்தலுக்கு இரவு முழுக்கக் காரோட்டிப் போய் வாக்களித்து, மறுநாள் கண் சிவக்க வேலைக்கு வந்தார். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "அம்மா வீடு அங்கதானே இருக்கு" என்கிறார். நல்ல பதில்தான். சிங்கப்பூரில் அது எடுபடாது, அம்மா வீடு எம்ஆர்டி ரயிலில் நாற்பது நிமிடம். ஊர் சிறியது என்பதும் இந்த முறை இங்கே ஓடுவதற்கு ஒரு காரணம். பெரிய நாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்றால், அந்த எண் வெளியே போனால் எல்லாமே போனது போலத்தான். 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவு இணையத்தளத்தில் முழு ஐசி எண்களும் யாரும் தேடிப் பார்க்கும்படி இருந்ததும், ஊரே கொதித்தது. அடுத்த மாதமே, பிறருடைய சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான) கணக்கை வைத்து வேறு சிலருடைய முகவரியை மாற்றும் முயற்சிகள் நடந்ததால், இணையவழி முகவரி மாற்றச் சேவையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். சுமார் 80 பேர் விஷயம்தான். ஆனாலும் முகவரிதான் தொகுதி என்று இருக்கும் ஊரில் அந்தச் செய்தி எனக்கு உறுத்தியது.

அக்கா கேட்ட கேள்வியும் இதைச் சேர்ந்ததே. "ஐசியையும் காட்டுறீங்க, சீட்டுலயும் நம்பர் இருக்கு. அப்புறம் என்னடா ரகசியம்?" காப்பிக்கடைகளிலும் காலம் காலமாகக் கேட்கும் கேள்வி. எண் இருப்பது போலிச் சீட்டையும் ஆள்மாறாட்டத்தையும் கண்டுபிடிக்க. எண்ணிய சீட்டுகளை முத்திரையிட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் வைத்து, பிறகு எரித்துவிடுவார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது. இதைச் சொன்னேன். "சரி, சரி" என்றார் அக்கா. நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று மேசையில் யாரும் பேசாத ஒருவரையும் சேர்க்க வேண்டும். துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நான் பார்க்கும் புதுக்கோட்டைக்காரர். அவருடைய பெட்டியில் ஆதார், பான், வாக்காளர் அட்டை, கடவுச்சீட்டு, வேலை அனுமதி அட்டை எல்லாம் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் பட்டியலில் பெயர் சேர்க்க முடியும், ஆனால் கடவுச்சீட்டோடு ஊருக்கு நேரில் போனால்தான் வாக்களிக்க முடியும். விமானக் கட்டணம் கொடுத்து யார் போவார்? சிங்கப்பூர், வெளிநாட்டில் வசிக்கும் தன் குடிமக்களுக்கு 2023 அதிபர் தேர்தல் முதல் தபால் வாக்கும் தந்துவிட்டது. அட்டை ஐந்து இருந்தும் ஓட்டு இல்லாதவரைப் பார்க்கும்போது, வாசலில் அட்டை கேட்பது சரியா தப்பா என்ற சண்டை கொஞ்சம் சின்னதாகத்தான் தெரிகிறது.

அக்காவும் தம்பியும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். போன வாரம் பையனுக்கு ஐசிக்குப் பதிந்துகொள்ளும்படி கடிதம் வந்தது. பதினைந்து வயதாகிறது. என் கும்பகோணத்து அட்டையின் படத்தை ஒருமுறை காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, முடிவெட்டிக்கொள்ளப் பணம் கேட்டான்.