பகிர்வு வழங்கியா, தனி வழங்கியா, நிலைப்பக்கமா: கோப்புகள் எங்கே பத்திரம்?

நிலாவெளியில் சுற்றுலாப் பருவம் தொடங்க இரண்டு கிழமை இருந்தபோது, சிறிய விடுதி நடத்தும் அண்ணன் ஒருவர் அழைத்தார். "தம்பி, கூகுளில் எங்கள் விடுதியின் பெயரைத் தட்டினால் சூதாட்டப் பக்கம் வருகிறதாம். ஜெர்மன்காரர் ஒருவர் படம்பிடித்து அனுப்பியிருக்கிறார்."

திருகோணமலை உவர்மலையில் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே அவருடைய கணக்கைத் திறந்தேன். படங்கள் மட்டும் இருக்க வேண்டிய அப்லோட்ஸ் கோப்புறையில், புறா தீவுப் பவளப் படங்களுக்கு நடுவே தளம் இருக்கும் கணினியான வழங்கியில் நிரலாக ஓடக்கூடிய ஒரு பி.எச்.பி கோப்பு கிடந்தது. கடைசியாகத் திருத்திய நேரம் அதிகாலை 3.12. கோப்புறையின் அனுமதி எண் 777.

இந்த மூன்று இலக்கங்களில் முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. ஆக, 777 என்றால் அந்தக் கோப்புறையில் எவரும் எழுதலாம். ஏதோ ஒரு படம் பதிவேறவில்லை என்பதற்காக யாரோ 777 போட்டுவிட்டு, திரும்ப மாற்ற மறந்திருக்கிறார்கள். கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 என்பதுதான் வழக்கம். தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் வேர்ட்பிரஸ் கொன்ஃபிக் கோப்புக்கு இன்னும் இறுக்கமாக 440 அல்லது 400.

ஹோஸ்டிங், அதாவது தளத்துக்கு வழங்கியில் இடம், வாங்க வருபவர்கள் என்னிடம் கேட்பவை இரண்டுதான்: ஆண்டுக்கு எவ்வளவு, எத்தனை ஜி.பி. பூட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆகவே இந்த அலசலில் விலையையும் வேகத்தையும் ஒதுக்கிவிட்டு, கோப்புகளைக் காக்கும் கோணத்தில் மட்டும் பார்க்கிறேன்.

முதலில் பகிர்வு ஹோஸ்டிங். ஒரே வழங்கியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். மலிவுக்குக் காரணமும் அதுதான், ஆபத்தும் அதுதான். எல்லாத் தளங்களின் பி.எச்.பியும் ஒரே பொதுப் பயனர் பெயரில் ஓடினால், பக்கத்துத் தளத்தில் நுழைந்தவன் உங்கள் கோப்புகளையும் படித்துவிடலாம். ஒவ்வொரு கணக்கும் தன் பயனர் பெயரிலேயே ஓடி, கிளவுட்லினக்ஸின் கேஜ்எஃப்எஸ் போன்ற தடுப்பும் இருந்தால், அவனுக்கு உங்கள் கோப்புறை இருப்பதே தெரியாது. எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி: "என் பி.எச்.பி எந்தப் பயனர் பெயரில் ஓடும்?" அவர் விழித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். இரண்டாவது கேள்வி, கோப்புகளை மறையாக்கி அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி உண்டா என்பது. வெறும் எஃப்.டி.பி 1971இல் எழுதப்பட்ட நெறிமுறை. கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே வலைவழியே அனுப்பும். விடுதி வைஃபையில் இருந்தபடி அதைப் பாவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தனி மெய்நிகர் வழங்கி, அதாவது வி.பி.எஸ், இதைவிடப் பாதுகாப்பானது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பாதி உண்மை. பக்கத்து வீட்டுத் தொல்லை இல்லை; நிரலைப் பொதுக் கோப்புறைக்கு வெளியே வைக்கலாம், தூரத்திலிருந்து வழங்கிக்குள் நுழையும் எஸ்.எஸ்.எச் வாசலைக் கடவுச்சொல் இன்றித் திறவுகோல் கோப்பால் மட்டும் திறக்கும்படி செய்யலாம், தீச்சுவரை விரும்பியபடி அமைக்கலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் "லாம்" என்ற விகுதிதான் இருக்கிறது. செய்யாவிட்டால் செய்ய வேறு ஆள் இல்லை. புது வழங்கி ஒன்றை எழுப்பிவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள், எஸ்.எஸ்.எச்சின் 22ஆம் துறையில் கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கிகள் பதிவேட்டில் வரிசைகட்டி நிற்கும். உபுண்டு 20.04 போட்டு அமைத்த வழங்கிகளுக்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அப்படி மறக்கப்பட்ட ஒன்று இந்த ஊரிலேயே ஒரு தனியார் கல்வி நிலையத்துக்காக ஓடிக்கொண்டிருந்தது. அமைத்துக் கொடுத்த பையன் கனடாவில் இருக்கிறான். பராமரிக்க ஆள் இல்லாத வி.பி.எஸ்ஸைவிட, ஒழுங்காகப் பிரித்து வைத்த பகிர்வு ஹோஸ்டிங் எவ்வளவோ மேல் என்பேன்.

வேர்ட்பிரஸ்ஸுக்கென்றே நடத்தப்படும் பராமரிப்பு ஹோஸ்டிங்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தினமும் பிரதி, இற்றைப்படுத்தல், நச்சு நீக்கம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நல்லது. கட்டணம் டொலரில் வரும். 2022இல் ரூபா சரிந்தபோது இங்கே பலர் கைவிட்டது இதைத்தான். வாங்குவதானால், முழுக் கோப்புகளையும் பிரதியாக நாமே இறக்கிக்கொள்ள விடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நிலைப்பக்க ஹோஸ்டிங் வேறு இனம். அங்கே வழங்கியில் பி.எச்.பியும் இல்லை, தரவுத்தளமும் இல்லை. ஆயத்தமான பக்கங்கள் மட்டுமே. உள்ளே ஒரு கோப்பைத் திணித்தாலும் அதை ஓட்ட அங்கே எதுவும் இல்லை. மூல நிரல், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் இருப்பதால், எந்த வரி எப்போது மாறியது என்பதும் பதிவாகியிருக்கும். இவ்வகைச் சேவையான கிட்ஹப் பேஜஸில் இரண்டு சங்கடம்: இலவசக் கணக்கில் களஞ்சியம் பொதுவில் இருக்க வேண்டும், வணிகம் நடத்த அதை இலவச ஹோஸ்டிங்காகப் பாவிக்க அவர்களின் விதி இடம் தராது. இதே வகையான கிளவுட்ஃபிளேர் பேஜஸ், பிறர் பார்க்க முடியாத தனிக் களஞ்சியத்தோடும் வேலை செய்யும். திறவுகோல், கடவுச்சொல் இருக்கும் என்வ் கோப்பை மட்டும் களஞ்சியத்தில் ஏற்றிவிடாதீர்கள். பின்னர் அழித்தாலும் பழைய பதிவுகளில் அது இருக்கும்.

"வலது பொத்தானை முடக்கினால் நிரலைத் திருட முடியாதாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். உலாவிக்குப் போய்ச் சேர்ந்த எச்.டி.எம்.எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் பார்ப்பவருடைய கணினியில்தான் இருக்கின்றன. எதை மறைக்க வேண்டுமோ அதை அனுப்பாமல் இருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

எந்த வகையை எடுத்தாலும், பிரதியை அதே நிறுவனத்திடம் மட்டும் வைப்பது பிரதி வைக்காததற்குச் சமம். 2021 மார்ச் 10இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓ.வி.எச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, தளமும் பிரதியும் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக்கணினியை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் தாக்கியபோது, இணையத்துக்கு வெளியே வைத்த பிரதி இல்லாததால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான்.

விடுதிக்காரரின் கதையில் எனக்கு மிகவும் உறுத்தியது அந்த 777 கூட அல்ல. ஹோஸ்டிங் கணக்கும் டொமைன் பெயரும், விடுதித் தளத்தை அமைத்த பையனின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தன. ஐந்து ஆண்டுகளாகப் பணம் கட்டியவர் இவர். சட்டப்படி வாடிக்கையாளர் அவன். ஆளைத் தேடிப் பிடித்து, டொமைனை மாற்றி எடுக்கவே ஒன்பது நாள் ஆயிற்று. தளத்தைத் துடைத்து முடிக்க அரை நாள்தான் பிடித்தது.

முன்பதிவு எல்லாம் வட்ஸ்அப்பிலேயே நடப்பதால், அவருக்குத் தரவுத்தளமே தேவையில்லை. ஆறு நிலைப்பக்கங்களாக்கி கிளவுட்ஃபிளேரில் ஏற்றினேன். கணக்கு அவர் மின்னஞ்சலில், இரட்டைச் சரிபார்ப்பு அவர் கைபேசியில், ஒரு பிரதி அவர் அலுமாரிக்குள் பென்டிரைவில். அவருக்கு இன்னும் ஒரு மனக்குறை இருக்கிறது: ட்ரோனில் எடுத்த கடற்கரை வீடியோ, ஒரு கோப்புக்கு 25 எம்.பி என்ற எல்லையைத் தாண்டிவிட்டதால் முகப்பில் வரவில்லை. யூடியூபில் போட்டு இணைக்கலாம் என்றேன். அதில் விளம்பரம் வருமே என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.